நாரங்கா வெள்ளம் என்றுதான் சொன்னேன்

குடியை விட்டிருந்த என் கணவருக்கு மறுபடியும் குடிக்கக் கொடுத்தவள் நான்தான்.

எங்கள் தெருவில் இன்றும் எல்லோரும் சொல்வதுபோல அவருடைய நண்பர் ஸ்டீபன் அல்ல. கல்லாற்றுக்குப் போய்வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அல்ல. தலைவிதியும் அல்ல. நான்! இந்தக் கைகளால், எங்கள் வீட்டுச் சமையலறையில், எலுமிச்சை பிழிந்து, சர்க்கரைப் பாகு விட்டு, வெள்ளை ரம்மை அளந்து ஊற்றி, ஐஸ் போட்டுக் குலுக்கி, வடிகட்டி... கொண்டுபோய்க் கொடுத்தேன். நாரங்கா வெள்ளம் என்று சொல்லிக் கொடுத்தேன். எலுமிச்சைச் சாற்றை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. நாளைக் காலையில் கரமனை ஜங்ஷனில் என்னை எதிர்கொள்ளப் போவதும் இல்லை. அதனால்தான் வாய் திறக்கிறதோ என்னவோ.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள்! என்னை நானே கேட்டுக் கேட்டு ஓய்ந்த கேள்வி அது.

எங்கள் வீடு கரமனை ஆற்றுக்குப் பக்கத்து அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட தெருவில் குடிகாரன் பெண்டாட்டி என்று பெயர் வாங்குவது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். அவ்வளவுதான்.

என் கணவர் ராமநாதன் அரசு அலுவலகம் ஒன்றில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். கோடு போட்டால் முடியிழைபோல இருக்கும். அந்தக் கை பிற்பாடு நடுங்கத் தொடங்கியது. எங்கள் மகள் வித்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில், ஆட்டோக்காரர் இவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நிறுத்தினார். வந்தவர்கள் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வித்யா அன்று அழவில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து தட்டுகளைக் கழுவினாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே, குடியின் கொடுமை தெரியாதவளல்ல நான். தெரிந்தவள். தெரிந்துதான் செய்தேன்!

ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். டாக்டர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது, தொட்டால் இந்த ஈரல் தாங்காது. அந்த ஆஸ்பத்திரியில்தான் ஸ்டீபன் வந்து சேர்ந்தார். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் மொடாக் குடியர். விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு முறை ஒரு சர்ச் ஹாலில் கூட்டம் நடத்துவார். இவரையும் அழைத்துப் போனார். ஒவ்வொரு வாரமும் வாசல்படியில் நின்று, மலையாளத்தில் அக்கா முறை வைத்துக் குரல் கொடுப்பார்: "சேச்சி, சார் ரெடியா?" உள்ளே வாருங்கள் என்றால் சிரித்துக்கொண்டே, "காலெல்லாம் கிரீஸ், சேச்சி" என்பார்.

இவர் விட்டார். உண்மையிலேயே விட்டார். ஒரு வருஷத்துக்கு மேல், ஒரு சொட்டு இல்லை.

தெருவே என்னைக் கொண்டாடியது. "ஜயா, உன் மாங்கல்ய பலம்!" என்றார் எதிர்வீட்டு மாமி. நான் தலையாட்டினேன்.

ஆனால் வீட்டுக்குள்... எப்படிச் சொல்வேன்? திரும்பி வந்தது வேறு ஒருவர். அலுவலகம் விட்டு வருவார், குளிப்பார், நாற்காலியில் உட்காருவார். டி.வி. ஓடும். அதைப் பார்க்கிறாரா என்பதே தெரியாது. "சாம்பார் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "கொள்ளாம்" என்பார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் ஒரு சொல். பருப்புசிலி செய்தாலும் கொள்ளாம், பாயசம் வைத்தாலும் கொள்ளாம். வித்யா பெங்களூரிலிருந்து போன் செய்தால் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். நான் என் அலுவலகத்தில் நடந்த எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். என் குரல் எனக்கே அலுத்துப்போகும்.

இப்போது சொல்லப்போவதுதான் எந்தப் பெண்டாட்டியும் வாய்விட்டுச் சொல்லக் கூடாதது.

அந்தக் குடிகாரருக்காக நான் ஏங்கினேன்!

விழுந்து புரளும் அந்த மனிதருக்காக அல்ல. முதல் கிளாஸ் உள்ளே போனதும் எழுந்து வருவாரே, அவருக்காக. முதல் கிளாஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் அவரைப்போல ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பஸ் கண்டக்டர்போலப் பேசிக் காட்டுவார். தம்பானூரில் ஏறிய ஒரு மாமி சில்லறைக்குச் சண்டை போடுவதை, இரண்டு குரலிலும் அவரே பேசி, நடுவில் டிரைவர் பிரேக் போடுவதையும் சேர்த்து... நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். வித்யா குழந்தையாக இருந்தபோது அவளும் என் மடியில் விழுந்து சிரிப்பாள். நான் குடித்தனம் பண்ணியதே அந்த ஒரு மணி நேரத்துப் புருஷனோடுதான். மற்றவரைச் சகித்துக்கொண்டேன். இரண்டு பேரையும் டாக்டர் ஒரே கத்தியால் வெட்டிவிட்டார்.

இது சமாதானமா? இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை போனில் நெல்லிக்காய் ஊறுகாய் செய்முறை தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வருமே, அப்படி ஒரு வீடியோ வந்தது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் காக்டெயில் செய்து காட்டினார். அதன் பெயர் டைக்கிரி. மூன்றே பொருள்: வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை. மறைக்க இடமே இல்லாத பண்டம் இது, ஒருவரின் கைப்பக்குவத்தை அறிய இதைச் செய்யச் சொன்னால் போதும் என்ற பொருள்பட ஏதோ சொன்னார். ரசம் வைக்கச் சொல்லி மருமகளைச் சோதிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புக்கூட வந்தது.

சிரித்துவிட்டு விட்டேனா? விடவில்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும்.

மனம் எப்படியெல்லாம் வாதாடும் தெரியுமா! இவரைக் கெடுத்தது சந்தில் நின்று மடமடவென்று விழுங்கிய மட்டமான சரக்கு. இது அப்படியில்லை. சின்னக் கிண்ணத்தில், அளந்து, அழகாக, ஒன்றே ஒன்று... மருந்துபோல. மருந்து! அந்தச் சொல்லைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரைநாள் லீவு போட்டேன். கரமனையிலிருந்து வெகுதூரம், ஊரின் மறுகோடியில், நாமே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்கிற அரசு மதுக்கடை ஒன்று இருக்கிறது. அங்கே போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண், வித்யா வயதுதான் இருக்கும், பீர் வாங்கிக்கொண்டு சாதாரணமாகப் போனாள். எனக்குத்தான் புடவைத் தலைப்பு வேர்வையில் நனைந்தது. வரும் வழியில் சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் இறங்கிச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கிப் பையில் பாட்டிலுக்கு மேலே பரப்பிக்கொண்டேன். பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன மாமி, சாலைக்குப் போனேளா? பை கனமா இருக்கே!"

"ஆமாண்டி. வெங்காயம் மலிவா இருந்தது."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அப்போதே நான் என்னைக் கண்டு பயந்திருக்க வேண்டும்.

அவர் வீட்டில் இல்லாதபோது செய்து பழகினேன். முதல் தடவை ஒரே புளிப்பு. அடுத்தது பாகு தூக்கலாகிப் பானகம்போல ஆயிற்று. ஃபிரிட்ஜில் இருக்கும் சின்ன ஐஸ் கட்டிகள் சீக்கிரம் கரைந்து நீர்த்துப்போகச் செய்தன. டிபன் டப்பாவில் பெரிதாக உறையவைத்து உடைத்துப் போடக் கற்றுக்கொண்டேன். மூடி திருகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, வெளியே வெண்பனி படர்ந்து விரல் மரத்துப்போகும்வரை குலுக்க வேண்டும். ஐஸ்கிரீம் கிண்ணத்தை முன்பே ஃபிரீசரில் வைத்துக் குளிரவைக்க வேண்டும். டீ வடிகட்டியில் வடித்து ஊற்ற வேண்டும். ருசி பார்க்க வேண்டுமே... பார்த்தேன். வெங்காயம் பூண்டு கலக்காத நைவேத்தியம் சாப்பிட்ட நாக்கால் பார்த்தேன்!

ஒரு நாள் அது வந்தது. இளநீரில் ஒரு சொட்டுப் பால் விட்டதுபோன்ற வெளிர் நிறம். மேலே மெல்லிய நுரை. முதலில் புளிப்பு, அதன் பின்னாலேயே இனிப்பு, இரண்டும் போனபிறகு தொண்டையில் ஒரு குளிர்ந்த சூடு. எதுவும் எதையும் மிஞ்சவில்லை.

நான் பெருமைப்பட்டேன். கேட்கிறீர்களா? ஈரல் வெந்துபோன ஒரு மனிதருக்காக விஷம் கலக்கிவிட்டு, பதம் சரியாக வந்ததற்காகப் பெருமைப்பட்டேன்!

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கொண்டுபோனேன். அவர் நாற்காலியில் இருந்தார். கிண்ணத்தை வாங்கி வாயருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது.

"என்னாக்கும் இது?"

"நாரங்கா வெள்ளம். என்ன புழுக்கம்! குடியுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? பாதி ஆயுள் அதில் மூழ்கிக் கிடந்தவர். கிண்ணத்தைக் கீழே வைக்க அவருக்கு நேரம் இருந்தது. எட்டிப் பிடுங்கிக்கொள்ள எனக்கும் நேரம் இருந்தது. டி.வி.யில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை நன்றி என்று அன்று நினைத்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. அவர் கண்ணால் என்னிடம் கெஞ்சினார்... "வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு போய்விடு" என்று.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் குடித்தார்.

"நன்னா இருக்கு" என்றார். கொள்ளாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் குரல் கேட்டது: "கரமனை, கரமனை! எறங்கறவா வேகம் வரணும்! அம்மா, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடியுங்கோ, ஆளுக மேல இடிக்கறது!" நான் திரும்பிப் பார்த்தேன். தோளில் பை மாட்டியதுபோலக் கையை வைத்துக்கொண்டு என் புருஷன் நின்றிருந்தார்! சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வித்யாவுக்கு அவரே போன் செய்தார். "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? இவ்ளோ ஜாலியா பேசறா!" என்று அவள் குதித்தாள்.

அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

மறுநாள் அவரே கேட்டார்: "அந்த நாரங்கா வெள்ளம் இன்னிக்கும் உண்டோ?"

என் பொய்யை அவர் தன் வாயில் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் பொதுவான பொய் ஆயிற்று. ஒரு கிண்ணம் இரண்டாயிற்று. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பாட்டில், நான் தொடாத நாட்களிலும் குறைந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு... இன்னொன்று வாங்கிவந்தேன்.

இதற்கிடையே வாராவாரம் ஸ்டீபனோடு கூட்டத்துக்கும் போய்வந்தார். அங்கே எழுந்து நின்று, நான் குடிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்து ஆட்கள் எல்லோரையும் ஸ்டீபன் கல்லாற்றுக்கு அழைத்துப் போனார். பொன்முடி அடிவாரத்தில், ஆற்றில் குளித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டு வருவதாக ஏற்பாடு. இவர் பையில் தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்துப் போனார். அதில் இருந்தது தண்ணீர் அல்ல.

சாயங்காலம் ஸ்டீபனின் கார் வாசலில் வந்து நின்றது. இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் வாந்தி. வித்யா லீவுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்க இவருடைய அண்ணா மணியும் வந்திருந்தார். இவரை உள்ளே கட்டிலில் கிடத்திவிட்டு நிமிர்வதற்குள் மணி அண்ணா ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படிக் கொண்டுவந்து போடறதுக்கா கூட்டிண்டு போனாய்? திருத்தறேன் திருத்தறேன்னு சொல்லிண்டு, நீங்க எல்லாரும் சேர்ந்து குடிச்சேளா?"

"சாரே, சத்தியமா ஞான் கொடுக்கலை. அங்கே யாரும் தொடலை. எங்கேயிருந்து கிட்டியதுன்னு எனக்குப் புரியலை..."

"அங்கிள், அப்பா உங்களை நம்பித்தானே வந்தா?" என்றாள் வித்யா. அவள் குரல் உடைந்தது. பெண் பார்க்க வந்த அன்று அழாதவள், இப்போது அழுதாள்.

ஸ்டீபன் என் பக்கம் திரும்பினார். எண்ணெய்க் கறை போகாத அந்தக் கைகளைக் கோத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "சேச்சி, நீங்க சொல்லுங்க. கொஞ்ச நாளா சாரோட முகத்துல ஒரு மாத்தம் கண்டேன். கேட்டா சிரிச்சு நழுவிடுவார். வீட்டுல ஏதாவது...?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"வீட்டுல ஒண்ணும் இல்லை" என்றேன். "உங்களோட கிளம்பிப் போறவரைக்கும் நன்னாத்தான் இருந்தார்."

சும்மா இருந்திருக்கலாமே! மௌனமாக இருந்திருந்தால்கூட அது பாதிப் பாவம். நான் வாய் திறந்து, ஒரு நல்ல மனிதரின் தலையில் என் பழியை எடுத்து வைத்தேன்.

"இனிமே இந்தப் படி ஏறப்படாது" என்றார் மணி அண்ணா. ஸ்டீபன் என்னை ஒரு முறை பார்த்தார், கோபமில்லை, குழப்பம்தான். இறங்கிப் போனார்.

உள்ளே போனேன். கட்டிலில் அவர் கண் திறந்து கிடந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை காபி கொடுத்தபோது கேட்டார்: "ஸ்டீபனை வரவேண்டாம்னுட்டாளா?"

"ஆமாம்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி. நானும் சொல்லமாட்டேன்" என்றார்.

காப்பாற்றினாரா, கட்டிப்போட்டாரா? இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் கலக்க வேண்டியிருக்கவில்லை. அவரே வாங்கினார், அவரே குடித்தார், பழைய சந்துகளுக்கே திரும்பிப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எந்த உரிமையில் சொல்வேன்? அந்த ஒரு மணி நேரமும் பிறகு வரவேயில்லை. கண்டக்டர் எங்கேயோ பாதிவழியில் இறங்கிப் போய்விட்டார்.

மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர், மறுபடி எப்போது தொடங்கினார் என்று கேட்டார். "கல்லாறு போனப்போ, ஒரு பிரெண்டோட" என்றாள் வித்யா. கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐப்பசியில், இங்கே துலா மாதம் என்பார்கள், அந்த மழையில் போய்ச் சேர்ந்தார்.

எடுத்துக்கொண்டு போகும்போது தெருவுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு ஸ்டீபன் நின்றிருந்தார். யாரோ யாரிடமோ, "அவன்தான்" என்று கண்ணைக் காட்டியதைப் பார்த்தேன். வாசலிலிருந்து அவர் நின்ற இடம் எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கும். நான் கூப்பிடவில்லை.

தெரு அவர் கடைக்குப் போவதை நிறுத்தியது. சர்ச் ஹால் கூட்டத்தையும் அவர் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை நம்பி வந்துகொண்டிருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

போன மாதம் சாலைக் கடைத்தெருவில் எதிரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார்.

"சேச்சி..." என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருவரும் நின்றோம். சுமைதூக்குகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "எத்தனையோ தடவை வரணும்னு நெனச்சேன். தைரியம் வரலை. அன்னிக்கு சாரோட பையை ஞான் பார்த்திருக்கணும். என்கூட வந்த மனுஷன், என் பொறுப்பு. ஞான் ஸ்ரத்திக்கலை. கவனிக்காம விட்டேன், சேச்சி. என்னெ மன்னிக்கணும்."

கை கூப்பினார். கண் நிறைந்திருந்தது.

இத்தனை வருஷமும் அவர் அதைச் சுமந்திருக்கிறார்! தான் செய்யாத ஒன்றை, தான்தான் செய்ததாகவே நம்பிவிட்டிருக்கிறார். நான் சொன்ன ஒரு வாக்கியம் அவருக்குள் போய் உண்மையாகிவிட்டிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன்.

"பரவாயில்லை ஸ்டீபன். நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை."

அந்த முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். "இப்பத்தான் சேச்சி, ஒரு சமாதானம் கிட்டியது" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா? சாரோட போட்டோ முன்னால ஒரு நிமிஷம் நிக்கணும்."

வாருங்கள் என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நேற்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார். படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். அவர் அதற்கு முன்னால் நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். வீட்டில் வேறு யாரும் இருக்கப்போவதில்லை.

அப்போதாவது சொல்வேனா?

தெரியவில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். அதுவும் பொய். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.